எந்த நீர்

புந்தா அரேனாஸில் காற்றடித்தால்
மருத்துவமனையின் வடக்குக் கதவை
இரண்டு பேர் சேர்ந்து தள்ள வேண்டும்.
இவோ தனியாளாய்த் தள்ளிக்கொண்டு வந்தான்.
பன்னிரண்டு வருடமாய்ச் செத்துக்கொண்டிருப்பவனுக்கு
இவ்வளவு தோள் எதற்கு?

கோப்பைத் திறந்தேன்.
இரு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள். பரம்பரை நோய்.
இரண்டே வரி, மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய கிறுக்கல்.
கிறுக்கியது நான்.

அந்த இரண்டு வரியை நம்பி
கப்பல் பட்டறையில் வெல்டிங்கை விட்டான்.
ஒயினை விட்டான்.
மிலென்காவிடம் பிள்ளை வேண்டாம் என்றான்.
அவள் ஒரு குளிர்காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு
நீரிணைக்கு அக்கரையில்
போர்வெனீர் ஊருக்குப் படகேறிவிட்டாள்.
எதிர்காலம் என்று அர்த்தம் அந்தப் பெயருக்கு.
ஊருக்குப் பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

ஜெல்லின் குளிருக்கு வயிற்றை எக்கினான்.
திரையில் பார்த்தேன்.
கட்டிகள் சதைக்குள் இல்லை.
சதை முழுசாய், மொச்சைக்கொட்டை போல் வழவழவென்று.
நீர் அதன் வெளியே, உறைக்குள்ளே,
சுற்றிலும் அறை அறையாய்.
பழைய படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.
ஒரு மில்லிமீட்டர் வளரவில்லை.

"வீட்டில் யாருக்காவது?"
"அப்பாவுக்கு எண்பத்தாறு, அம்மாவுக்கு எண்பத்து மூன்று.
இன்று காலைகூடச் சண்டை."
அன்றைக்கு இதை நான் கேட்கவே இல்லை.

ஊசி போட்டு உறிஞ்சினேன்.
வைக்கோல் நிறத்தில் நாலு மில்லி.
சிறுநீரகத்தில் ஒரு நீர்,
நீர்க்கட்டியில் ஒரு நீர்,
இது எந்த நீர்?

ரோசால்பா ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டாள்.
சிறுநீர் இல்லை டாக்டர்.
கிரியாட்டினின் ரத்தத்தில் உள்ள அளவுதான்.
நிண அணுக்கள் மட்டும் மொய்க்கின்றன.

நிணநீர்.
வடிய வேண்டிய வாய்க்கால் எங்கோ அடைபட்டு
போக வழியில்லாமல் நின்ற நீர்.
லட்சத்தில் ஒருவருக்கோ என்னவோ,
நானே புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன்.
கொல்லாது.
ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொன்னேன்.
முதலில் எழுதியது யார் என்பதையும் சொன்னேன்.
மேசைமேல் அடிப்பான் என்று நினைத்துக்
காபிக் கோப்பையை நகர்த்தி வைத்திருந்தேன்.

சட்டைப் பொத்தானைத் தப்பான துளையில் போட்டான்,
கழற்றினான், மறுபடி அதே துளையில் போட்டான்.
"முத்திரை வைத்துத் தருவீர்களா?
இரண்டு பிரதி."

ஜன்னலுக்கு வெளியே நீரிணை
வெள்ளை வெள்ளையாய்ப் புரண்டது.
இன்றைக்குப் படகு விடமாட்டார்கள் என்றேன்.
தெரியும் என்றான்.