இரண்டரை பாகை

அந்தோஃபகஸ்தா, துறைமுகத்துக்குப் பின்தெரு.
காலை ஏழு நாற்பது.
உள்ளங்கை அகலச் சதுரம்,
அதன் நடுத்துளையில் திருகை முடுக்குகிறேன்.
இருபுறமும் இறங்கி உட்காருகின்றன
சாம்பல் நிற ரப்பர்ச் சக்கரங்கள்,
ஒவ்வொன்றின் மேலும் அரைக் கிலோ.

ஆயிரம் சுற்று.
பதினேழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.
உதிரும் பொடியை உறிஞ்சுகுழாய்
அப்போதைக்கப்போதே விழுங்கிவிடும்.

கண்ணாடி சளைக்காது.
வாய்வைத்து ஊதினாற்போல்
வட்டமாய் ஒரு வெண்மை, அவ்வளவுதான்.
பிளாஸ்டிக் தன் மேற்பூச்சின் தயவில் பிழைக்கிறது.
பூச்சு போனால் பால்.

பிறகு ஒளியைச் செலுத்துவேன்.
நேராகப் போனதைப் பற்றி
என் கருவிக்கு அக்கறையில்லை.
இரண்டரை பாகைக்கு மேல் வழி தவறியதை மட்டும்
கூட்டிச் சொல்லும்.
நூற்றுக்கு இரண்டு வரை மன்னிப்பு உண்டு.

ஒன்று புள்ளி எட்டு.
தொலைபேசியில் காஸ்தோன் ஒலிவாரி:
"தேறிச்சா?"
"தேறிச்சு."
நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்.

மதியம் எலெயுதேரியோ சோக்கே வந்தார்.
கலாமாவிலிருந்து மூன்று மணி நேரம்,
மடியில் கம்பளியில் சுற்றிய
பேருந்துச் சன்னல்.
"இதே ரகந்தான். நீங்க பாஸ் போட்டது."

மூன்று வருஷம்
சுரங்கத்துக்கும் ஊருக்கும்.
திரும்பும்போது சூரியன் இடப்பக்கம்.
"சன்னல் நெறைய வெளிச்சம் இருந்துது.
லாரிதான் இல்ல."
நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்,
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று.
சொல்லும்போது இடது கை
பிரேக் கம்பியைத் தேடியது.

"ஆயிரம் சுத்துன்னா
எத்தன நாளுக்குச் சமம்?"
அப்படியொரு அட்டவணை இல்லை என்றேன்.
நம்பாமல் சுவரைப் பார்த்தார்.
சுவரில் நாள்காட்டிதான் இருந்தது.

என் எந்திரத்துக்கு வட்டம்தான் வரும்.
பாலைக்காற்றுக்கு வட்டம் தெரியாது.
எல்லாக் கீறலும்
முன்னிருந்து பின்னுக்கு,
கொஞ்சம் கீழ்ச்சரிவாக,
ஒரே திசையில் ஓடியவை.

பதினொன்று புள்ளி மூன்று.
பன்னிரண்டு.
ஒன்பது புள்ளி ஏழு.

மேல்மூலையில் வெளிப்பக்கமாக
வெளிறிப்போன ஒரு ஸ்டிக்கர்.
வேலைநிறுத்தத்தின்போது சங்கம் ஒட்டியது.
"கிழிக்கச் சொன்னாங்க. மறந்துட்டேன்"
என்று நகத்தால் சுரண்டினார்.
மறந்த மாதிரி தெரியவில்லை முகம்.

பசையைத் துடைத்து
அங்கேயும் ஒளியைச் செலுத்தினேன்.

பூஜ்யம் புள்ளி நான்கு.

இன்னொரு முறை அளந்தேன்.
கருவியை அணைத்துப் போட்டு மறுபடி அளந்தேன்.
அந்த நான்கு விரல் அகலத்துக்குள்
பாரந்தூக்கி தெரிந்தது,
அதன் கம்பியில் ஒரு கடற்புறா,
கம்பியின் துருவும்.

படிவத்தில் ஆறு கட்டங்கள்.
சராசரிக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று.
சேர்த்தாலும் தேறாது, விட்டாலும் தேறாது,
இருந்தும் பேனா நின்றது.
கடைசியில் குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
சுவரொட்டி மூடியிருந்த பகுதி. புதியதற்கு நிகர்.

அந்தத் துண்டை மட்டும் கேட்டார்.
விதிப்படி ஆறு மாதம் நான் வைத்திருக்க வேண்டும்.
ரம்பத்தை எடுத்தேன்.

அடுத்த சதுரத்தைத் திருகிக்கொண்டே
சன்னல்வழி பார்க்கிறேன்.
வாசலில் நின்று
துண்டைக் கண்ணருகே பிடித்திருக்கிறார்.
எதிரே வெயில்.
கண்ணைச் சுருக்கவில்லை.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
தெருவைக் கடக்கப் போனவர்
இடப்பக்கம் பார்த்தார்,
மறுபடியும் இடப்பக்கம் பார்த்தார்.