வெறுந்தகரம்

முதலில் தரைக்கு விரித்தது
நாச்சம்மையின் கல்யாண பிளெக்ஸ்.
மாப்பிள்ளை தலைகீழாகச் சிரித்தார்.
பெயிண்ட் ரிமூவர் ஒரு சொட்டு விழுந்ததும்
மீசை கரைந்தது.
இரண்டாம் சொட்டில்
வரவேற்கும் பங்காளிகள் பட்டியலில்
மூன்று பேரைக் காணோம்.

பள்ளத்தூர் வீடு பதினோரு புள்ளிக்குச் சொந்தம்.
சாவி ஐந்து பேரிடம், கரண்ட் பில் எங்களிடம்.
கார் மட்டும் தனி.
டயர் நாலும் இல்லாத அம்பாசடரை
பாகம் பிரித்தபோது யாரும் கேட்கவில்லை.
பித்தளை அண்டா இரண்டுக்குப் பதிலாக
எங்கள் கணக்கில் எழுதினார்கள்.

ரபீக் போனில் சொன்னான்:
கட்டியாத் தடவுங்க ஆச்சி, பாலிதீன் போட்டு மூடுங்க,
இருபது நிமிசம். அவசரப்பட்டுச் சுரண்டாதீங்க.
கையுறை முக்கியம்.
பள்ளிக்கூட லேபில் பதினேழு வருசம்
அமிலம் அளந்து கொடுத்தவள் நான்.
எல்லாவற்றுக்கும் சரி தம்பி என்றேன்.

பெயிண்ட் எழும்புவது
ஆறிய பாலில் ஆடை சுருங்குவது போல.
பிளேடு வைத்துத் தள்ளினால்
சுருள் சுருளாக வருகிறது வெள்ளை.
கீழே ஆகாச நீலம்.
“நம்ம கார் எப்பவும் வெள்ளைதானே”
என்கிறார் டார்ச் பிடித்திருக்கும் வீட்டுக்காரர்.
நீலத்துக்குக் கீழே பச்சை,
பாசிப் பச்சை இல்லை, சோடா பாட்டில் பச்சை.
அதற்கும் கீழே கறுப்பு.
எப்பவும் என்ற சொல்லை
அப்புறம் அவர் எடுக்கவில்லை.

இடது மட்கார்டில்
பிளேடு நின்றது.
பட்டி. ஒரு விரற்கடை தடிமன்.
பெயர்க்கப் பெயர்க்க
உள்ளே ஒரு சொட்டை.
முஷ்டியை வைத்துப் பார்த்தேன்,
இன்னும் இடம் இருந்தது.
இந்த வண்டி எங்கும் மோதினதில்லை என்று
மாமனார் சொல்லித்தான் கேட்டிருக்கிறோம்.

சாயங்காலம் வைரவண்ணன் வந்தார்.
ஏழாம் புள்ளி. சென்னையிலிருந்து.
பொதுவீட்டில் ஆசிட் ஊற்றுகிறார்கள் என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
முகப்பிலிருந்தே சத்தம்:
யாரைக் கேட்டு,
எந்தப் பங்காளி கையெழுத்து,
கல்லு போச்சுன்னா யாரு பொறுப்பு.
பேசியபடியே வண்டியைச் சுற்றினார்.
இடது பக்கம் வந்ததும்
பேச்சு ஒரு “ஆனா”வில் நின்றது.

சொட்டைக்கு மேலே, வெறுந்தகரத்தில்,
உள்ளங்கையை வைத்தார்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
“அப்ப எனக்குப் பதினாலு வயசு.”
காத்திருந்தோம்.
கம்பிக்கூரையில் ஒரு புறா உட்கார்ந்து போனது.
“மோர் இருக்கா உண்ணாமலை?”
குடித்தார். டம்ளரை அவரே கழுவிக் கவிழ்த்தார்.
கல் தரையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல்
ஆறரை பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அன்றிரவு பிரைமர் அடிக்கவில்லை.
கரண்ட் இல்லை.
ஒரு ராத்திரிதானே என்று
பழைய வேட்டியைக்கூடப் போர்த்தவில்லை.

காலையில்
தகரமெல்லாம் பளபளப்பு,
ஓர் இடம் தவிர.
ஐந்து விரல், உள்ளங்கை,
ரேகை எண்ணலாம்போல் துரு.
மோதிர விரலில் மட்டும்
ஒரு கோடு அகலத்துக்கு ஏறவில்லை.

“போட்டோ எடுக்கட்டுமா?” என்றார் வீட்டுக்காரர்.
வேண்டாம் என்றேன்.
“வைரவண்ணனுக்கு ஒரு போன்?”
அதுவும் வேண்டாம்.
துருவை வைத்துக்கொண்டு மேலே பூசினால்
ஆறு மாசத்தில் கொப்பளிக்கும்.
இதை ரபீக் சொல்ல வேண்டியதில்லை.

நூற்றிருபது உப்புத்தாளை நாலாக மடித்து
சுண்டுவிரலில் ஆரம்பித்தேன்.
கட்டைவிரலுக்கு வரும்போது
கைக்கு வெயில் சுட்டது.

சொட்டை அப்படியே இருக்கிறது.
மறுபடி பட்டி வைப்பதாக இல்லை.
டிங்கரிங் ஆள் வியாழக்கிழமை வருகிறான்,
மட்கார்டுக்கு உள்ளே படுத்துக்கொண்டு
மெதுவாகத் தட்டித் தட்டி
வெளியே கொண்டுவர.