எரிப்பு இழப்பு

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம்
திருட்டு நடக்கிறது என்றே நினைத்தேன்.

கருப்பூர்ப் பக்கம் ஒரு எடைமேடை.
ஒரு மேசை, ஒரு டியூப்லைட், அதன் பின்னால் ஒரு பல்லி.
சுரங்கத்து வெள்ளைக்கல் சூளைக்குப் போகையில் ஒரு சீட்டு.
வெந்து வெளியே வருகையில் ஒரு சீட்டு.
மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால்
நூறு டன் போன இடத்தில்
நாற்பத்தொன்பது.

மிச்சம்?

செங்கோடன் லாரியில் தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னேன்.
"கல்லத் திருடி நான் என்ன
கோட்டையா கட்டப்போறேன்" என்றபடி அவிழ்த்தார்.
வாட்ச்மேனைச் சந்தேகித்தேன்.
கம்ப்யூட்டரைச் சந்தேகித்தேன்.
கணக்கில் எப்போதும் பார்டரில் பாஸான என்னையும்.

ஆய்வுக்கூடத்து ரெஹானா சிரித்துவிட்டாள்.
ஒரு படிவத்தை நீட்டினாள்.
நாலாவது கட்டத்தில்
எரிப்பு இழப்பு: 51.
"திருடன் அதோ நிக்கிறான்" என்று
புகைபோக்கியைக் காட்டினாள்.
அங்கே ஒன்றுமில்லை.
வெயில் மட்டும் கொஞ்சம் நெளிந்தது.

பிறகு ஒரு துண்டைப் பொடித்து
சூடான அமிலம் விட்டாள்.
கோலி சோடா உடைத்ததுபோல் நுரைத்தது.
யாருக்கும் நினைவில்லாத காலத்தில் இழுத்து
அடக்கிய மூச்சு
ஒரு கண்ணாடிக் குவளைக்குள்
சலசலத்து முடிந்துபோனது.

அவள் சொன்னது எனக்குப் புரிந்த அளவில்:
எந்த போர்வெல்லும் எட்டாத ஆழத்தில்
கரும்பச்சையாய் ஒரு பாறை இருந்தது.
எதுவோ அதை மேலே தள்ளியது.
நகம் வளரும் வேகம்கூட இல்லை.
வந்து சேர்ந்த உடம்பின் விரிசல்தோறும்
தண்ணீர் இறங்கியது,
தண்ணீரின் மடியில் கொஞ்சம் காற்று.
அந்தக் காற்றைப் பச்சைப் பாறை
குடித்தது.
குடித்துக் குடித்து
வெளுத்தது.

அதைத்தான் இத்தனை நாள்
கல் என்று சீட்டில் அடித்திருக்கிறேன்.
பாதிக்கு மேல் வானம்.
பத்துச் சக்கர லாரி நிறைய வானம்,
தார்ப்பாய் மூடி, கயிறு இறுக்கி,
நான்கு ரோட்டில் போலீஸ்காரர் மறித்தால் காட்ட
என் கையெழுத்தோடு.

இரவு ஷிப்டில் ஜன்னலுக்கு எதிரே சேர்வராயன் மலை.
கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒரு கார்
தெரிந்து, அணைந்து, இன்னும் மேலே தெரிந்தது.
அந்த மலையும் பாதாளத்தில் வெந்த பாறைதானாம்.
தலைமேல் இருந்த பாரத்தை மழை
துளித்துளியாய்ச் சுமந்துபோக
இலேசாகி இலேசாகி எழுந்து நின்றதாம்.
ஏற்காட்டில் படகு விட்டிருக்கிறேன்.
மிளகாய் பஜ்ஜி தின்றிருக்கிறேன்.
நீ நிற்பது மாடியல்ல, நிலவறை என்று
யாரும் சொல்லவில்லை.

லாரி வராத மூன்று மணிக்கு
நானே மேடையில் ஏறி நின்றேன்.
ஐம்பத்தேழு கிலோ நான்.
இருபது இருபதாய்த்தான் எண்ணத் தெரியும் இயந்திரம்
அறுபது என்றது.
அதிகமாய் ஒட்டிய அந்த மூன்று கிலோ யாருடையது?
காலுக்கடியில் நாலாயிரம் மைல் கனம்
என்னைப் பிடித்திருக்கும் பிடி
சிவப்பு எண்களில் எரிந்தது.
சோற்றுக்குள் புகுந்து எனக்குள் வந்த காற்று எத்தனை கிலோ,
என்னை எரித்தால்
நாலாவது கட்டத்தில் என்ன எண் வரும்,
ரெஹானாவிடம் கேட்கக் கூச்சம்.
மூச்சை முழுசாக வெளியே விட்டுப் பார்த்தேன்.
அறுபது அறுபதாகவே இருந்தது.

ஹெட்லைட் கண்ணைக் குத்தியது.
செங்கோடன் தலையை நீட்டினார்:
"எறங்குப்பா, ஒன் வெயிட்டையும்
என் லோடுல சேத்துறாத."

இறங்கினேன்.
வண்டி எண், ஓட்டுநர், நேரம்.
'சரக்கு' என்ற இடத்தில் விரல்
சற்று நின்றது.

வெள்ளைக்கல் என்றே அடித்தேன்.
கம்ப்யூட்டருக்கு அது ஒன்றுதான் தெரியும்.