இரண்டு கட்டம் தள்ளி

தேன்கனிக்கோட்டை, ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
பி.எட். பயிற்சியில் எனக்குப் பதினோராம் நாள்.
ஸ்மார்ட் போர்டில் ஆதிப்புள்ளியைத் தொட்டேன்;
இடப்பக்கம் இரண்டு கட்டம் தள்ளி விழுந்தது.
அழித்தேன். தொட்டேன்.
மறுபடி அங்கேயே.

"போர்டுக்கும் குளிருது மிஸ்"
என்றது கடைசி பெஞ்சு.

பாடக்குறிப்பில், துணைக்கருவி என்ற இடத்தில்
சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தேன் இதைத்தான்.
மதிப்பெண் இதற்குத்தான்.
ஒரு சாக்பீஸ்கூடக் கையில் இல்லை.

எழுந்தாள் நாகவேணி.
வீட்டில் கன்னடம், வகுப்பில் மௌனம்.
"எல்லாமே ரெண்டுதானே மிஸ் தள்ளுது?
வலப்பக்கம் ரெண்டு சேத்துத் தொடுங்க."

எக்ஸோடு இரண்டைக் கூட்டச் சொல்கிறாள்,
புத்தகத்தில் இன்னும் வராத வரியை.

மூன்று கமா ஒன்று, என்றேன்.
ஐந்தில் வைத்தாள் விரலை.
மூன்றில் வந்து உட்கார்ந்தது பச்சைப் புள்ளி.
அப்புறம் முப்பத்தாறு பேருக்கும்
ஆளுக்கொரு புள்ளி வேண்டும்.
மணி அடித்தும் வரிசை கலையவில்லை.

ஓசூரிலிருந்து ஆள் வந்து
சரிசெய்துவிட்டுப் போனது முப்பத்தெட்டாம் நாள்.
இப்போது தொட்ட இடத்திலேயே விழுகிறது.

என் விரல்தான்
இன்னும் இரண்டு கட்டம் தள்ளிப் போகிறது.