நானூற்றுப் பதினேழாவது லாரி

கோபிப் பாலையில், எல்லைச் சாவடிக்கு முன்னால்
நிலக்கரி சுமந்த லாரிகள் நிற்கின்றன.
நர்மந்தாக்கின் லாரி நானூற்றுப் பதினேழாவது.
திங்கட்கிழமை நானூற்று முப்பது.

பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகை.
இருக்கையில் வைத்தால் கைபேசி
அரைமணியில் செத்துப்போகும்.
ஆகவே ஆங்கிலம் அவள் அக்குளில் இருக்கிறது,
கம்பளி அங்கிக்கும் தோலுக்கும் நடுவே,
காய்ச்சல்காரியின் வெப்பமானி போல.

எடுக்கிறாள். பாடம் ஏழு.
என் குடை எங்கே, என்கிறது கைபேசி.
என் குடை எங்கே, என்கிறாள்
அதே ஆங்கிலத்தில், கண்ணாடியில் ஆவி படிய.
குடை வைத்திருக்கும் ஒருவரைக்கூட அவளுக்குத் தெரியாது.
பச்சை டிக்.

சிக்கல் நான்கில்தான்.
ஃபோர், என்கிறது. போர், என்கிறாள்.
சிவப்பு.
சிரிக்க எனக்குத் தகுதியில்லை:
என் எழுத்திலும் அந்த ஒலிக்குச் சொந்த வீடு கிடையாது,
மூன்று புள்ளி நட்டுக்
கூடாரம் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.
கீழுதட்டைப் பல்லால் பிடி, ஊது,
என்று படம் காட்டுகிறது.
பிடிக்கிறாள், ஊதுகிறாள்.
பின்லாரி லுவ்சான் பல்வலி என்று நினைத்து
மாத்திரையோடு வருகிறான்.
வாங்கி வைத்துக்கொள்கிறாள். உதவும்.

சுரங்கத்தில் ராட்சத டம்பர்களுக்கு ஆள் எடுக்கிறார்கள்.
அங்கே வரிசை இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம்.
வயர்லெஸ்ஸில் ஆங்கிலம் பேச வேண்டும், அவ்வளவே.
பிரேக் பிடிக்கவில்லை.
டயரில் தீ.
நான்காம் வாயில், விலகு.
இவை குடையிலிருந்து எத்தனை பாடம் தள்ளியிருக்கின்றனவோ!
பந்தியில் உட்கார்ந்து காத்திருப்பதை விட்டு
அவளே அடுக்களைக்குள் நுழைந்துவிட்டாள்.
வேண்டிய வாக்கியத்தைத் தட்டுகிறாள்,
கேட்கிறாள், சேமிக்கிறாள்.
சிக்னல் மண்மேட்டின் உச்சியில் மட்டும்;
ஏறும்போது லாரிச் சாவி லுவ்சானிடம்.

நேற்றிரவு மேட்டில் நின்று
ஸுத், என்று தட்டினாள்.
பனி இறுகிப் புல்லை மூடி
ஆடுகள் நின்ற நிலையில் உறைந்த அந்த ஆண்டுக்கு
அவள் மொழியில் ஒரே அசை.
கைபேசி வட்டம் சுற்றியது.
பேட் விண்டர், என்றது.

இரண்டும் தெரிந்த சொற்கள்தாம்.
இரண்டாம் பாடம். மூக்கொழுகும் ஒரு சிறுவனின் படம்,
அதன் கீழே.
முந்நூற்று நாற்பது ஆடு,
பதினொரு குதிரை,
இந்த லாரியின் கடன்,
எல்லாம் அதற்குள் போய்விட்டன,
இன்னும் இடம் மிச்சம்.

ஒலிவாங்கியை அழுத்தினாள்.
ஸுத், என்றாள் மெதுவாக,
பாடம் நடத்தும் அந்தப் பெண்குரலின் வேகத்தில்.
புரியவில்லை, மீண்டும் முயலுங்கள்.
ஸுத்.
புரியவில்லை, மீண்டும்
நீ முயன்று பார், என்றாள்.

கீழே ஹாரன்.
லுவ்சான் அவள் லாரியை ஓரடம் நகர்த்தியிருந்தான்.
நானூற்றுப் பதினாறு.
இன்னும் பதினேழு நகர்ந்தால் முந்நூறுகள் வரும்;
அதுவரை ஃபோர் தப்பாது.

கைபேசியை அக்குளில் செருகிக்கொண்டு
இறங்குகிறாள்,
உதட்டைக் கடித்து
இருட்டில் ஊதியபடி.