கோர்ட் கலையும் வரை

வேதாரண்யம் கோர்ட்டில் சுவர் விசிறி
வலப்பக்கம் திரும்பும்போது மட்டும் முனகும்.
அந்த முனகலுக்குள் உட்கார்ந்துதான்
பதினோரு வருடமாகத் தட்டச்சு அடிக்கிறேன்:
உப்பள வரப்பில் மண்டை உடைந்தது,
ராத்திரி மணல் அள்ளிய மாட்டுவண்டி,
இறால் பண்ணைக்காரர் கொடுத்துத் திரும்பிவந்த காசோலை.

அன்றைக்குக் கடைசியாகக் கூப்பிட்ட வழக்கு.
செல்லையா நிரோஜன், வயது முப்பத்து நான்கு,
மணற்காடு, வடமராட்சி.
கோடியக்கரைச் சேற்றில் இடுப்பளவு நடந்து ஏறியவன்.
படிவத்தில் ஒரு கட்டம்: மொழிபெயர்ப்பாளர் தேவையா?
இல்லை என்று அடித்தேன்.

"ஏன் வந்தீங்க?"
"அங்க இருக்கேலாம வெளிக்கிட்டனான் அம்மா."
என் விரல் நின்றது.
நீதிபதி என் பக்கம் பார்க்காமலே சொன்னார்,
"அவர் சொன்னபடியே அடிங்க."
மேலே எவராவது படித்தால்
எழுத்துப்பிழை என்று சுழித்துவைப்பார்கள்.
அடித்தேன்.

குற்றத்தை ஒப்புக்கொண்டான்.
பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை, இரண்டும் உண்மை.
படகுக்குக் கொடுத்த தாலிக்கொடியும் உண்மைதான்,
அதற்கு எந்தத் தாளிலும் கட்டம் இல்லை.
ஏழு மாதம் உள்ளே இருந்தாயிற்று. அதையும் பார்த்து
தண்டனை: கோர்ட் கலையும் வரை.

பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியது,
அவ்வளவுதான் தண்டனை.
டவாலி சிங்காரவடிவேல்கூட அவனைப் பார்த்துச் சிரித்தார்.

ஆனால் வெளியே புங்கமர நிழல் நகர நகர
க்யூ பிராஞ்ச் ஜீப்பும் நகர்ந்து நின்றது.
இன்ஸ்பெக்டர் சட்டைப்பையில் மடித்த ஆணை:
வெளியில் வந்ததும் திருச்சி, சிறப்பு முகாம்.
அவன் மனைவி இருப்பது கொட்டப்பட்டு முகாமில்.
இரண்டும் ஒரே ஊர், டவுன்பஸ் தூரம்.
அவனுக்கு அந்த பஸ் கிடையாது.

தோப்புத்துறை வக்கீல் ஹாஜா முகைதீன்
சென்னையில் தடை கேட்டுப் போட்டிருந்தார்.
டவர் கிடைப்பது ஜெராக்ஸ் கடைப் படியில் மட்டும்.
காதில் போனை வைத்தபடி அங்கேயே நின்றார்,
கறுப்பு அங்கியோடு, சித்திரை வெயிலில்.

ஐந்தேமுக்கால்.
அவர் எழுந்தால் நாங்களும் எழவேண்டும்.
எழவில்லை.
"பழைய வாரண்ட் கட்டு எடுத்துட்டு வாங்க" என்றார்.
ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார்.
இவன் செத்துப்போனான்.
இவன் துபாயில்.
இவன் சிங்கப்பூரில், முகவரி தெரியவில்லை.
இவனும் துபாயில்.
"அடுத்தது" என்றார்.

ஒரு நீதிபதி எத்தனை மணிக்கு எழவேண்டும் என்று
நான் எங்கும் படித்ததில்லை.
அவர் படித்திருக்கலாம்.

ஆறரை. ஏழு.
இன்ஸ்பெக்டர் மூன்றாவது டீயையும் குடித்துவிட்டு
வாசலில் வந்து சத்தமாக இருமினார்.
கரண்ட் போனது. விசிறி முனகலின் பாதியில் நின்றது.
எமர்ஜென்சி விளக்கைச் சுற்றி உப்பளத்துக் கொசு.
நிரோஜன் தூங்கிவிட்டான்,
தண்டனையின் நடுவே, வாய் திறந்து,
ஏழு மாதத் தூக்கம்.
குறட்டை கேட்டது. யாரும் தட்டவில்லை.

எட்டு பத்துக்கு ஹாஜா முகைதீன் உள்ளே வந்தார்.
"லிஸ்ட்ல கடைசி. எடுக்கலை. நாளைக்காம்."
இந்தக் கடைமடையில்
அந்தச் சொல்லுக்கு எவரும் அர்த்தம் கேட்பதில்லை.
ஆற்றுத் தண்ணீருக்கும் அதையேதான் சொல்வார்கள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
திரும்பப் போட்டார், திரும்பக் கழற்றினார்.
பெஞ்சையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு எழுந்தார்.

டைரியில், கலைந்த நேரம் என்ற இடத்தில்
எட்டு பதினேழு என்று எழுதினேன்.
விளக்கம் கேட்டு மெமோ வரும், அவருக்குத்தான்.

சிங்காரவடிவேல் அவன் தோளைத் தொட்டார்.
"தம்பி, தண்டனை முடிஞ்சுபோச்சு."
"ஓம்" என்று எழுந்தவன்
இருட்டில் காலால் துழாவிச் செருப்பைத் தேடினான்.
வெளியே ஜீப் விளக்கைப் போட்டது.
செருப்பு கிடைத்தது.