ஐந்தாம் இலை வரை

செரேரேயில் மழை நின்ற மூன்றாம் நாள்.
அபோலோத்தின் மரவள்ளிக் கொல்லையில்
உச்சியிலிருந்து ஐந்து இலைகள்.
ஒவ்வொன்றையும் காம்போடு பிடித்து
அடிப்புறம் திருப்புகிறேன்,
மூச்சை அடக்கியபடி.
மூச்சு பட்டால் பறந்துவிடும்.

நான்கு வெள்ளை ஈக்கள்.
அடுத்த செடியில் ஒன்று.
அதற்கடுத்ததில் இல்லை.
மாவு சலிக்கையில் சிதறிய துணுக்குகளாய்
சிறகு மூடி உட்கார்ந்து
ஊசி வாயால் உறிஞ்சுகின்றன.
முன் செடியில் வாய் வைத்த எச்சில்
இந்தச் செடியின் நரம்பில் இறங்குவதை
எந்த ஈயும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.
கணக்கு என் வேலை.

இலைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன.
கீழே ஒன்றிரண்டில் மட்டும் நரம்போரம் மஞ்சள்,
எண்ணெய் ஊறிய காகிதம்போல.
"வயசான இலை" என்கிறாள்.
பிடுங்கச் சொன்னேன்.
மகன் எடோகு இரு கையாலும் இழுத்தான்.
நல்ல தடிமன்.
கத்தி குறுக்கே போனதும்
வெள்ளைக்குள் பழுப்பு, தக்கையாய் வறண்டு.
இன்னொன்று.
அதுவும்.
ஏழாவதில் கத்தியை மண்ணில் குத்திவிட்டு
பேசாமல் எழுந்துபோய்
ஆட்டை வேறு முளையில் கட்டிவிட்டு வந்தாள்.

"இத்தனூண்டு பூச்சியா?"
ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.
படிவத்தில் அதற்கொரு கட்டம் இருக்கிறது:
பரப்பும் பூச்சி, பெயர், எண்ணிக்கை.

ஆனால் வேலியோரம் தொடங்கி
உள்ளே நகர்ந்த நோயில்லை இது.
வரிசை பிசகாமல்,
நட்ட அன்றே கூட வந்தது.
குச்சி எங்கே வாங்கினாய்?

ஞானஸ்நானத்துக்கு வந்த நாத்தனார்
தலைச்சுமையாய்க் கொண்டுவந்தாள்.
அவளுக்கு, சோரோட்டிச் சந்தையில் ஒருத்தி கொடுத்தது.
அவளுக்கு?
தெரியாது, கட்டுப் பிரிக்காமலே வந்தது.
சுவரோரம் இன்னும் கிடந்தது
அந்தக் கட்டின் நீல நைலான் கயிறு.
முனையில் ஒரு சீட்டு.
எங்கள் அலுவலக முத்திரை. போன ஆண்டுத் தேதி.
'நோயற்றது' என்ற சொல்லுக்குக் கீழே
மழையில் பாதி கரைந்த
அசேகே என்ற என் கையெழுத்து.

ஈ ஒரு கொல்லை தாண்ட
காற்றுக்குக் காத்திருக்க வேண்டும்.
நான் லாரியில் போனேன்.
முப்பத்தெட்டு ஊர்.
எல்லா ஊரிலும் கை தட்டினார்கள்.
ஓரிடத்தில் கோழி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

சொன்னேன்.
அபோலோத் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
அவளும் மேட்டுத்தெருவில் மூன்று வீட்டுக்குக்
குச்சி ஒடித்துக் கொடுத்திருக்கிறாளாம்.
பிறகு பழுப்பைச் செதுக்கி எறிந்து
மிஞ்சியதைச் சட்டியில் போடத் தொடங்கினாள்.
சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டுமாம்.

கடைசிக் கட்டத்தில் பேனா நிற்கிறது.
சட்டைக் கையில் ஒரு வெள்ளை ஈ.
தட்டிவிடக் கை ஓங்கியவள்,
ஐந்தை அடித்து
ஆறு என்று எழுதினேன்.